ஐந்து விரல், இரண்டே சிக்னல்: பயோனிக் கையின் சிக்கல்

கையை இழந்த ஒருவர், இல்லாத விரல்களை மடக்க நினைத்தாலும் முன்கையில் மிச்சமிருக்கும் தசை இறுகத்தான் செய்யும். விரல்களை வலுவாக இழுக்கும் தசைகள் உள்ளங்கையில் இல்லை, முன்கையில் இருக்கின்றன. ஒரு முன்கையை மறு கையால் பிடித்துக்கொண்டு விரல்களை ஒவ்வொன்றாக அசைத்துப் பாருங்கள், தோலுக்கடியில் அந்த நெளிவு தெரியும். முழங்கைக்குக் கீழே பொருத்தப்படும் பயோனிக் கைகள், அதாவது மோட்டாரால் இயங்கும் செயற்கைக் கைகள், பெரும்பாலும் இதை நம்பித்தான் இயங்குகின்றன.

தசை இறுகும்போது சிறு மின்னழுத்தம் எழும். தோலின்மேல் அளந்தால் அது சில மில்லிவோல்ட்டைத் தாண்டாது. கையை மாட்டும் சாக்கெட்டின் உட்புறத்தில் உள்ள மின்முனைகள் அதைப் பிடித்து, பெருக்கி, மோட்டாருக்கு உத்தரவாக மாற்றுகின்றன. வழக்கமான அமைப்பில் மின்முனைகள் இரண்டு இடங்களில் இருக்கும். மடக்கும் தசை இறுகினால் கை மூடும், நீட்டும் தசை இறுகினால் திறக்கும். மணிக்கட்டைத் திருப்ப வேண்டுமா? பல கைகளில் இரண்டு தசைகளையும் ஒருசேர இறுக்கி முறையை மாற்றிவிட்டு, அப்புறம்தான் திருப்ப முடியும்.

2007-இல் ஸ்காட்லாந்தில் உருவான ஐ-லிம்ப் கை, ஒவ்வொரு விரலுக்கும் தனி மோட்டாருடன் விற்பனைக்கு வந்தது. சரி, விரல்கள் ஐந்து வந்துவிட்டன. உத்தரவு கொடுக்க இருப்பதோ அதே இரண்டு சிக்னல்! இதற்கு ஒரு விடை, முன்கையைச் சுற்றிப் பல மின்முனைகளை வைத்து, எந்த அசைவுக்கு எந்தச் சிக்னல் கோலம் வருகிறது என்று கணினிக்குப் பழக்குவது. வியர்த்தாலோ சாக்கெட் சற்று நகர்ந்தாலோ கோலம் மாறிவிடும், மறுபடி பழக்க வேண்டும்.

தோளோடு கை போனவருக்கு முன்கையே கிடையாது. சிகாகோவில் டாட் குய்க்கென் குழுவினர் 2002-இல், அப்படிப்பட்ட ஒருவரின் கைக்குப் போக வேண்டிய நரம்புகளை மார்புத் தசையில் இணைத்தார்கள். கையை மூட நினைத்தால் மார்பு துடிக்கும், அந்தத் துடிப்பைச் செயற்கைக் கை படித்துக்கொள்ளும். எதிர்பாராத இன்னொன்றும் நடந்தது: மார்புத் தோலைத் தொட்டால், இல்லாத கையைத் தொட்டது போல அவருக்கு உணர்வு வந்தது.

என் பார்வையில் மோட்டார்களை விடக் கடினமான வேலை இந்தத் தொடுவுணர்வுதான். 1912-இல் காப்புரிமை பெற்ற, கைக்குப் பதிலாக மாட்டும் டாரன்ஸ் கொக்கியைச் சிலர் இன்னும் கைவிடாததற்கு அதன் எளிமையும் உறுதியும் காரணங்கள். தோள்பட்டை இழுக்கும் கம்பியின் இறுக்கத்திலேயே கொக்கியின் திறப்பும் பிடியும் ஓரளவு தெரிந்துவிடுவது இன்னொரு காரணம். மோட்டார் கையில் அந்தத் தகவல் அறுந்துபோகிறது. பயன்படுத்துபவர் பிடியைக் கண்ணால் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

அறுந்த வழியை மீட்கும் சோதனை ஒன்று 2014-இல் வெளியானது. டென்மார்க்கைச் சேர்ந்த ஒருவரின் மேற்கை நரம்புகளுக்குள் மெல்லிய மின்முனைகளைச் செருகி, விரல் சென்சார்களின் அளவுக்கேற்ப மின்துடிப்பு கொடுத்தார்கள். கண்ணைக் கட்டியிருந்தும் பொருள் மென்மையானதா கடினமானதா என்று அவரால் சொல்ல முடிந்தது. ஆனால் அந்த மின்முனைகள் ஏறக்குறைய ஒரு மாதத்தில் அகற்றப்பட்டன.

நெடுநாள் தாங்கும் ஏற்பாடு ஸ்வீடனிலிருந்து வந்தது. எலும்புக்குள் பொருத்தும் டைட்டானியத் தண்டோடு எலும்பு ஒட்டி வளர்கிறது. செயற்கைக் கையை அதிலேயே மாட்டலாம், சாக்கெட்டே வேண்டாம். நரம்பு, தசை மின்முனைகளின் கம்பிகளும் அந்தத் தண்டு வழியாகவே வெளியே வருகின்றன. இப்படிப் பொருத்தியவர்கள் ஆண்டுக்கணக்கில் அன்றாட வேலைகளுக்கு அந்தக் கையைப் பயன்படுத்துவதாக 2020-இல் ஆய்வாளர்கள் அறிவித்தனர். தண்டு தோலைத் துளைத்து வெளிவரும் இடத்தில் மட்டும் தொற்று அபாயம் தொடர்கிறது. அங்கே அன்றாடச் சுத்தம் தவிர்க்க முடியாதது.