டவுன்லோட் ஆனதெல்லாம் கேட்டதாகுமா?

"நம்ம பாட்காஸ்ட் ஆப்பிள்ல இருக்கு, கேளுங்க" என்று சாதாரணமாகச் சொல்கிறோம். காசு கட்டிக் கேட்கிற நிகழ்ச்சிகளை விட்டுவிட்டால், அந்த ஆடியோ ஆப்பிளிடம் கிடையாது. ஆடியோவை வைத்துக் கொடுக்கும் ஹோஸ்டிங் நிறுவனம் ஒன்றின் சர்வரில்தான் அது கிடக்கிறது. ஆப்பிளிடம் இருப்பது ஒரு முகவரி, அந்த முகவரியில் இருப்பது வெறும் எழுத்தாலான ஒரு கோப்பு. அதுதான் ஆர்எஸ்எஸ் ஃபீடு. பாட்காஸ்ட் உலகில் புழங்கும் சொற்களில் பெரும்பாலானவை இந்தக் கோப்பைச் சுற்றியே வருகின்றன, இதைப் பிடித்துக்கொண்டால் மீதி தானாகப் புரியும்.

ஃபீடைத் திறந்து பார்த்தால் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. மேலே நிகழ்ச்சியின் பெயர், அட்டைப் படம், மொழி. கீழே ஒவ்வொரு எபிசோடுக்கும் ஒரு தொகுதி: தலைப்பு, தேதி, ஷோ நோட்ஸ் எனும் எபிசோடு பற்றிய குறிப்பு, அப்புறம் என்க்ளோஷர் என்று ஒரு வரி. ஆடியோ கோப்பு எங்கே இருக்கிறது, எத்தனை பைட், என்ன வகை என்ற மூன்றும் அதில் இருக்கும். பாட்காஸ்டைப் பாட்காஸ்ட் ஆக்குவதே இந்த வரிதான். 2000 டிசம்பரில் நிரலாளர் டேவ் வைனர் ஆர்எஸ்எஸ்ஸின் 0.92 பதிப்பில் இதைச் சேர்க்கும் வரை ஃபீடு என்றால் எழுத்து மட்டுமே. எம்டிவியில் தொகுப்பாளராக இருந்த ஆடம் கரி, 2004-இல் இந்த வரியைப் படித்து ஆடியோவை ஐபாடுக்குள் கொண்டுபோகும் சின்ன நிரல் ஒன்றை எழுதினார். 2005 ஜூனில் ஆப்பிளின் பாட்டு மென்பொருளான ஐடியூன்ஸின் 4.9 பதிப்பு பாட்காஸ்டை உள்ளே சேர்த்துக்கொண்டது. இன்றைக்கும் அடியில் ஓடுவது அதே ஏற்பாடுதான்.

ஃபாலோ பொத்தானை அழுத்தினால் என்ன நடக்கிறது? உங்கள் ஆப் அவ்வப்போது ஃபீடைப் போய்ப் பார்த்து, புதிதாக ஏதாவது சேர்ந்திருக்கிறதா என்று சரிபார்க்கிறது, அவ்வளவே. முன்பு ஆப்பிளில் இதற்கு சப்ஸ்கிரைப் என்று பெயர், காசு கேட்பார்களோ என்று ஆட்கள் தயங்குகிறார்கள் என்பதால் 2021-இல் ஃபாலோ ஆனது. புதியதா பழையதா என்று ஆப் கண்டுபிடிப்பது ஜியூஐடி என்ற அடையாளக் குறியை வைத்து. தலைப்பை எத்தனை முறை மாற்றினாலும் பரவாயில்லை, ஜியூஐடி மாறினால் போச்சு, பழைய எபிசோடெல்லாம் புதிது போலக் கேட்பவர் போனில் இன்னொரு முறை வந்து நிற்கும். ஹோஸ்டிங் மாற்றும்போது இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: பழைய ஃபீடுக்கு வருகிற ஆப்பை "நிரந்தரமாக இடம் மாறிவிட்டோம்" என்று புதிய முகவரிக்கு அனுப்பும் 301 ரீடைரக்ட். அது இல்லாமல் பழைய கணக்கை மூடினால், ஃபாலோ செய்தவர்களின் ஆப் செத்த முகவரியைத் தட்டிக்கொண்டே இருக்கும், அவர்களோ "இந்த ஆள் எபிசோடு போடுறதையே நிறுத்திட்டார் போல" என்று இருந்துவிடுவார்கள்.

இனி டவுன்லோட், ரொம்பவே தவறாகப் புரிந்துகொள்ளப்படுகிற சொல். சர்வருக்குத் தெரிவதெல்லாம் இந்த ஐபி முகவரியிலிருந்து (இணைய இணைப்பின் எண்), இந்த ஆப், இந்தக் கோப்பை அனுப்பச் சொன்னது என்பது மட்டும். பல ஆப்கள் கோப்பைத் துண்டு துண்டாக வாங்குவதால் ஒரே ஆள் ஒருமுறை கேட்டாலும் பல கோரிக்கைகள் பதிவாகும். அப்படியே எண்ணினால் கணக்கு கன்னாபின்னாவென்று ஊதிப்போகும் என்றுதான் விளம்பரத் துறையின் ஐஏபி அமைப்பு விதி வகுத்தது: குறைந்தது ஒரு நிமிட ஆடியோவாவது போயிருக்க வேண்டும், ஒரே ஐபி, ஒரே ஆப் என்றால் 24 மணி நேரத்தில் எத்தனை முறை வந்தாலும் ஒன்றுதான். நியாயமான விதி, ஆனாலும் ஓட்டை உண்டு. ஒரே வைஃபையில் ஒரே மாதிரி போன் வைத்திருக்கும் கணவனும் மனைவியும் கேட்டால் ஒன்று. காலையில் வீட்டு வைஃபையில் தொடங்கி பஸ்ஸில் மொபைல் டேட்டாவில் தொடர்கிறவர் இரண்டு. தானாக இறங்கி, யாரும் தொடாமலே அழிக்கப்பட்டதும் ஒரு டவுன்லோட்தான். 2023 செப்டம்பரில் ஐபோனுக்கு ஐஓஎஸ் 17 வந்தபோது இது வெட்டவெளிச்சமானது. அதுவரை சில வாரம் கேட்காமல் விட்டவர் திரும்ப வந்து ஒன்றை ஓட்டினால், இடையில் விட்டதெல்லாம் வரிசையாக இறங்கும். ஆப்பிள் அதை நிறுத்தியதும், அடிக்கடி எபிசோடு போடும் நிகழ்ச்சிகளின் எண்கள் சரிந்தன. கேட்பவர்கள் எங்கேயும் போய்விடவில்லை, யாரும் கேட்காத டவுன்லோட்கள்தான் போயின.

விளம்பரத்துக்குக் காசு இந்த எண்ணை வைத்துத்தான், ஆயிரம் டவுன்லோடுக்கு இவ்வளவு என்று. அதுதான் சிபிஎம். தொடக்கத்தில் வந்தால் ப்ரீ-ரோல், நடுவில் மிட்-ரோல். தொகுப்பாளர் படித்து ஆடியோவோடு சேர்த்த விளம்பரம் காலத்துக்கும் அங்கேயே இருக்கும். டைனமிக் விளம்பரம் அப்படியில்லை: உங்கள் ஆப் கோப்பை வாங்கும் அந்த நொடியில், நீங்கள் இருக்கும் ஊரைப் பார்த்து சர்வர் அதைச் செருகும். அதனால் உங்களுக்கு 42 நிமிடம் வரும் எபிசோடு உங்கள் நண்பருக்கு 44 நிமிடம் வரலாம், "20-ஆவது நிமிஷத்துல கேளு" என்று நீங்கள் அனுப்பினால் அவருக்கு அங்கே வேறு ஏதோ ஓடும்.

பதிவு செய்கிறவர்களுக்கு இரண்டு சொல் போதும். ஒன்று பிட்ரேட், ஒரு நொடி ஆடியோவுக்கு எவ்வளவு டேட்டா என்பதன் அளவு. வெறும் பேச்சுக்கு மோனோவில் 64 கேபிபிஎஸ் தாராளம், ஒரு மணி நேரம் 29 எம்பிக்குள் அடங்கும். ஸ்டீரியோ 128 என்று வைத்தால் 58 எம்பி, கேட்பவர் டேட்டா கரைவதுதான் மிச்சம். இன்னொன்று லஃப்ஸ், காதுக்கு எவ்வளவு சத்தமாகப் படுகிறது என்பதன் அளவு. ஆப்பிள் பரிந்துரைப்பது மைனஸ் 16, எல்லா எபிசோடையும் அதற்குக் கொண்டுவந்தால் கேட்பவர் ஒவ்வொன்றுக்கும் வால்யூமைத் தேட வேண்டாம்.

யூட்யூப் இந்தக் கணக்கில் சேராது. உங்கள் ஃபீடைக் கொடுத்தாலும் அது ஆடியோவை நகலெடுத்து, அட்டைப் படத்தை ஒட்டி, தன் சர்வரிலேயே வீடியோவாக வைத்துக்கொள்கிறது. அங்கே கேட்பது ஹோஸ்டிங் கணக்கில் ஒரு டவுன்லோடாகக்கூட வராது, அதை யூட்யூப் ஸ்டுடியோவில் தனியாகத்தான் பார்க்க வேண்டும்.