நடுவில் ஓட்டை போட்டாலும் படிக்கிறதே, எப்படி?

"போஸ்டர் புராஜெக்ட்டில் கியூஆர் கோடு வைத்து, அதன் நடுவில் துறை லோகோவையும் ஒட்டினோம். செல்போன் அப்படியும் படித்துவிட்டது. லோகோவுக்கு அடியில் இருந்த தகவல் என்ன ஆயிற்று?" என்று வடிவமைப்பு படிக்கும் ஒரு மாணவி கேட்டிருக்கிறார். போனது போனதுதான். செல்போன் அதைக் கணக்குப் போட்டு மீட்டுக்கொள்கிறது.

முதலில் மேலோட்டமான சங்கதிகள். 1994இல் ஜப்பானின் டென்சோ நிறுவனத்தில் (பிறகு டென்சோ வேவ் என்று தனியான பிரிவில்) மசாஹிரோ ஹாராவின் குழு, வாகன உதிரிபாகங்களை அடையாளம் காண இதை உருவாக்கியது. மூன்று மூலைகளிலும் உள்ள பெரிய சதுரங்களின் மையம் வழியாக எந்தக் கோணத்தில் கோடு இழுத்தாலும் கருப்பு வெள்ளைப் பட்டைகள் 1:1:3:1:1 விகிதத்தில் வரும். அச்சிட்ட தாள்களில் மிக அரிதாக வரும் விகிதம் எது என்று தேடிப்பிடித்துத்தான் இதை வைத்தார்கள். கேமரா அதைக் கண்டுபிடித்து, சாய்ந்த படத்தை நிமிர்த்தி, கட்டங்களை 0, 1 என்று படிக்கிறது. எட்டு கட்டம் சேர்ந்தால் ஓர் எண்.

இனிதான் விருந்து. அனுப்ப வேண்டிய எண்கள் 3, 5 என்று வைத்துக்கொள்வோம். கிராப் தாளில் 1க்கு நேரே 3, 2க்கு நேரே 5 என்று புள்ளி வைத்துக் கோடு இழுங்கள். அதே கோட்டை நீட்டினால் 3க்கு நேரே 7, 4க்கு நேரே 9. இந்த நான்கையும் அச்சிடுகிறோம்: 3, 5, 7, 9. வழியில் 5 கெட்டு 6 ஆகிவிட்டது. படிப்பவருக்குக் கிடைப்பது 3, 6, 7, 9. இதில் 3, 7, 9 ஒரே நேர்கோட்டில் நிற்கின்றன. வேறு எந்த மூன்றை எடுத்தாலும் நிற்காது. ஆக, தப்பு செய்தது இரண்டாவது எண். கோட்டைப் பார்த்தால் அங்கே 5 இருந்திருக்க வேண்டும் என்பதும் தெரிகிறது. தவறு எங்கே என்பதும் சரியான விடையும் ஒரே கணக்கில் கிடைத்துவிடுகின்றன! விலை, ஒரு பிழைக்கு இரண்டு உபரி எண்கள்.

கியூஆரில் நேர்கோட்டுக்குப் பதில் உயர்படிப் பல்லுறுப்புக்கோவை, அதாவது பல புள்ளிகள் வழியே வளைந்து போகும் கோடு. கணக்கு நடப்பது 256 எண்கள் மட்டுமே உள்ள ஒரு சிறிய உலகத்தில். அடிப்படை இதுவேதான். இர்விங் ரீட், குஸ்டாவ் சாலமன் இருவரும் 1960இல் வெளியிட்டபோது இது வெறும் கணிதம். பிறகுதான் குறுந்தகட்டுக்கும் வாயேஜர் விண்கலத்துக்கும் வந்தது. "இதனால் சமூகத்துக்கு உடனடிப் பயன் என்ன?" என்று கேட்டு நிதியை நிறுத்தும் குழுக்களிடம் அன்று இது மாட்டியிருந்தால் தேறியிருக்காது. ஆயுத பூசையன்று கல்லாவில் உள்ள கியூஆர் கோடுக்குச் சந்தனப் பொட்டு வைத்த பிறகும் பணம் ஏறுகிறது என்றால், புண்ணியம் இந்த இருவருக்குத்தான்.

பிழைதிருத்தத்தில் எல், எம், கியூ, எச் என நான்கு நிலைகள். முறையே சுமார் 7, 15, 25, 30 சதவீதச் சேதம் தாங்கும். லோகோ வைப்பதென்றால் எச். ஆனால் 30 சதவீதப் பரப்பை மூடலாம் என்று எண்ண வேண்டாம். எட்டில் ஒரு கட்டம் மாறினாலும் அந்த எண் முழுவதும் பிழை. கியூஆர் அளவுகளைப் பதிப்பு (version) என்பார்கள்; 29க்கு 29 கட்டமுள்ள மூன்றாம் பதிப்பில் 70 எண்கள். எச் நிலையில் அவற்றில் 44 உபரி. 35 எண் கொண்ட இரண்டு தொகுதிகளாகப் பிரித்து, மாற்றி மாற்றி அடுக்கியிருப்பார்கள். ஒவ்வொரு தொகுதியும் 11 பிழை வரை தாங்கும். நடுவே 7க்கு 7 கட்டம் மூடினால் ஏறக்குறைய 12 எண்கள் கெடும், தொகுதிக்கு ஆறு. மீதியை அச்சுக் கறைக்கும் மங்கிய வெளிச்சத்துக்கும் விட்டுவையுங்கள். மூலைச் சதுரங்களுக்கு இந்தப் பாதுகாப்பே கிடையாது. அவற்றை அலங்கரிக்கப் போக வேண்டாம்.

போஸ்டர்கள் பெரும்பாலும் தோற்பது இணைப்பின் நீளத்தால். கூகுள் டிரைவ் இணைப்பை அப்படியே போட்டால் எண்பது எழுத்தைத் தாண்டும்; எச் நிலையில் அதற்கு 49க்கு 49 கட்டம் வேண்டும். 58 மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு கட்டம் 1.2 மில்லிமீட்டர்கூட வராது. 24 எழுத்துக்குள் சுருக்கினால் 29 கட்டம் போதும், ஒவ்வொன்றும் 2 மில்லிமீட்டர். சுற்றிலும் நான்கு கட்ட அகலம் வெள்ளையாக விட வேண்டும், ஆக மொத்தம் 74 மில்லிமீட்டர். படிக்கும் தூரம் கியூஆர் கோடின் அகலத்தைப்போல் பத்து மடங்கு என்பது பொதுவான கணக்கு. அரை மீட்டரில் நின்று பார்க்கும் ஏ2 போஸ்டருக்கு இது தாராளம். சுருக்குவதற்கு இலவச 'டைனமிக்' கியூஆர் கோடு (தங்கள் குறு இணைப்பு வழியாக உங்கள் பக்கத்துக்குத் திருப்பிவிடுவது) தரும் தளங்களை நம்பினால், சோதனைக்காலம் முடிந்ததும் இணைப்பு செத்துப்போகலாம்.

அச்சுக்குக் கோப்பை, பெரிதாக்கினாலும் ஓரம் கலங்காத வெக்டர் பிடிஎப்பாகக் கொடுங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் ஓரங்கள் கலங்கிவிடும், டாக்குமெண்டாக அனுப்பலாம். கருப்புப் பின்னணியில் வெள்ளைக் கட்டம் அழகுதான், ஆனால் சில செயலிகள் படிக்காது. பளபள லேமினேஷனில் டியூப்லைட் பிரதிபலித்து மூலைச் சதுரம் ஒன்றை விழுங்கிவிடும். பளபளப்பில்லாத மேட் லேமினேஷன் போடச் சொல்லுங்கள்.

போஸ்டருக்குப் போகும் முன் அதே அளவில் ஏ4 தாளில் அச்சிட்டு, ஒரு பழைய போன் உட்பட மூன்று போன்களில், நேராகவும் 45 பாகைச் சாய்விலும் பாருங்கள். பிறகு கருப்புத் தாளைச் சிறு துண்டுகளாக வெட்டி, மூலைகளை விட்டுவிட்டு ஒவ்வொன்றாக மேலே வையுங்கள். கருப்புக் கட்டத்தின்மேல் விழுந்தால் சேதமில்லைதானே என்று தோன்றும். எட்டும் கருப்பாக அமைந்த எண் மிக அரிது என்பதால், துண்டு மூடிய எண்களில் அநேகமாக எல்லாமே கெடும். எத்தனையாவது துண்டில் எந்த போன் கைவிடுகிறது என்று குறித்துவைத்து, அதில் பாதிக்கும் குறைவான பரப்பை லோகோவுக்குக் கொடுங்கள்.