மூன்று முறை வந்த ரூபாய்

போன ஆடி மாதம் ஓர் இளைஞர் என் மேசையில் ஒரு வெள்ளி ரூபாயை வைத்தார். ஒரு பக்கம் ஆறாம் ஜார்ஜ் மன்னரின் தலை, மறுபக்கம் 1939 என்ற ஆண்டு. காசு தெளிவான பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது. அதன்மேல் 'சோதிக்கப்பட்டது' என்று அச்சிட்ட சீட்டு ஒட்டியிருந்தது. லென்ஸை எடுப்பதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. மன்னரின் கழுத்தில் நொய்யரிசி அளவுக்கு ஒரு வடு. அந்த வடுவை நான் ஏற்கெனவே இரண்டு முறை பார்த்திருக்கிறேன்.

முதல் முறை அதைக் கொண்டுவந்தவர் ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர். பேத்தியின் கல்யாணச் செலவுக்கு ஆகும் என்று கைக்குட்டையில் முடிந்து எடுத்துவந்தார். சில ஆண்டுகள் கழித்து ஒரு ஜவுளி வியாபாரி அதையே கொண்டுவந்தார், கண்காட்சியில் வாங்கினாராம். இப்போது இந்தத் தம்பி. ஒவ்வொரு முறையும் விலை ஏறியிருந்தது. இம்முறை உறையும் சீட்டும் கூடுதல்.

பழங்காசுகளை மதிப்பிடுவதும் விற்பதும் இருபது ஆண்டுகளுக்கு மேலாக என் தொழில். போலிக் காசு வணிகத்தை ஏன் தடுக்க முடியவில்லை என்று கேட்பவர்களுக்கு இந்த ஒரு ரூபாயின் கதையைத்தான் சொல்கிறேன்.

அந்த ரூபாயைத் தராசில் வைத்தால் 11.66 கிராமுக்குக் கிட்டத்தட்டச் சரியாக நிற்கும். நகைக்கடை எந்திரத்தில் வைத்தால் வெள்ளி 91.7 சதவீதம் என்று காட்டும். விளிம்பு வரிகள், எழுத்து, மன்னரின் மகுடம் எதிலும் பிழை இல்லை. இருக்கவும் முடியாது, ஏனென்றால் அது அரசு நாணயச்சாலையில் அடித்த அசல் ரூபாய். அடித்த ஆண்டு மட்டும் 1938. யாரோ ஒரு கைகாரர் கடைசி எண்ணான 8இன் கீழ்வளையத்தை ஊசிமுனை உளியால் திறந்து 9 ஆக்கியிருக்கிறார். 1938ஆம் ஆண்டு ரூபாயை வெள்ளி விலையை ஒட்டியே வாங்கிவிடலாம். 1939 அப்படியல்ல. 1940இல் ரூபாயின் வெள்ளியை 50 சதவீதமாகக் குறைத்துவிட்டார்கள். அதற்கு முந்தைய கடைசி ஆண்டான 1939இன் ரூபாய் மிகச் சிலரிடமே தப்பிக் கிடக்கிறது. இரண்டு விலைக்கும் நடுவில் இருப்பது அந்த ஒரு வளையம்தான்.

இளைஞரிடம் லென்ஸைக் கொடுத்து, "தம்பி, இந்த எண்ணில் இரண்டு ஒன்பது இருக்கிறது. இரண்டையும் மாறி மாறிப் பாருங்கள்" என்றேன். முதல் ஒன்பதின் வால் ஒரே தடிப்பில் வழுக்கிக்கொண்டு வந்து நிற்கும். கடைசி ஒன்பதின் வால் இடையில் மெலிந்து, முனையில் திக்கும். அதைச் சுற்றியுள்ள தரை மட்டும் கூடுதலாக மினுங்கும், சுரண்டிய தடத்தை மெருகிட்டு மறைத்திருப்பதால். அவர் நெடுநேரம் பார்த்தார். பிறகு, "ஐயா, அந்தச் சீட்டு?" என்று கேட்டார். சீட்டை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம் என்றேன்.

இதே காசை அந்த ரயில்வே பெரியவரிடமும் நான் திருப்பிக் கொடுத்தேன் என்பது இன்றும் எனக்கு உறுத்தல்தான். வேறென்ன செய்ய முடியும்? அவர் பொருள் அவருடையது. பிடுங்கிவைக்கவோ துளை போடவோ எனக்கு உரிமை இல்லை. "போலி என்று எழுதித் தரட்டுமா, புகார் கொடுக்கலாம்" என்று கேட்டேன். "வேண்டாம் ஐயா, வீட்டில் தெரிந்தால் கேவலம்" என்றார். ஏமாந்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் இந்தப் பதிலைத்தான் சொல்கிறார்கள். வெட்கம் தணிந்ததும், போட்ட பணத்தை மீட்க அதே காசை இன்னொருவர் தலையில் கட்டுகிறார்கள். ஏமாந்தவர் விற்பவராக மாறும் இந்த இடம்தான் போலிக் காசு வணிகத்தின் உயிர்நாடி என்பேன்.

புகார் கொடுத்தாலும் சட்டம் வழுக்குகிறது. கள்ள நாணயம் அடித்தால் ஆயுள் தண்டனை வரை உண்டு என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் எது நாணயம்? 1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டம் 230ஆம் பிரிவில், தற்போதைக்குப் பணமாகப் பயன்படும், அரசு முத்திரையிட்டு வெளியிட்ட உலோகம் என்று அதை விளக்கியது. சோழி நாணயமல்ல, பதக்கம் நாணயமல்ல என்று எடுத்துக்காட்டும் கொடுத்தது. 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 178ஆம் பிரிவிலும் அந்தத் 'தற்போதைக்கு' தொடர்கிறது. வழக்கொழிந்த பரூக்காபாத் ரூபாயும் இந்திய நாணயமே என்று பழைய சட்டத்தில் ஓர் எடுத்துக்காட்டு இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு ஜார்ஜ் ரூபாய்க்காக ஒரு வழக்கறிஞர் வாதாடிப் பார்க்கலாம். ராஜராஜன் காசுக்கு அந்த வாதமும் கிடையாது. மிஞ்சுவது மோசடிப் பிரிவு, முன்பு 420, இப்போது 318. அதற்கு, விற்றவருக்குப் போலி என்று தெரிந்திருந்தது என்பதை மெய்ப்பிக்க வேண்டும். "நானும் ஒருவரிடம் வாங்கியதுதான் ஐயா, எனக்கென்ன தெரியும்" என்பார் அவர். வேடிக்கை என்னவென்றால், பெரும்பாலும் அது உண்மையாகவே இருக்கும்.

இதைவிட ஆழமான ஒரு சிக்கல் உண்டு. எங்கள் தொழிலில் யாரும் அதை வாய்விட்டுப் பேசுவதில்லை. 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, மண்ணுக்குள் கிடைத்த புதையலின் மதிப்பு பத்து ரூபாய்க்கு மேல் இருந்தால் ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். பத்து ரூபாய்! கரூரில் அமராவதி ஆற்று மணலில் சேரர் காசும் ரோமானியர் காசும் கிடைத்தது ஊரறிந்த செய்தி. கண்டெடுத்தவர்களில் எத்தனை பேர் ஆட்சியர் அலுவலகப் படியேறியிருப்பார்கள்? சத்தமில்லாமல் விற்றுவிடுவார்கள். ஆகவே அசல் பழங்காசுக்கும் பிறப்புச் சான்று கிடையாது. எங்கே கிடைத்தது என்று கேட்பது மரியாதைக் குறைவு என்பது எங்கள் சந்தையின் எழுதாத விதி. அசலைப் பாதுகாக்கும் அந்த மௌனத்துக்குள் போலியும் வசதியாக வந்து உட்கார்ந்துகொள்கிறது. 'ஆற்றில் கிடைத்தது' என்று ஒரு வரி சொன்னால் போதும்.

இப்படித்தான் ஒருமுறை இரண்டு மாக்கோதைக் காசுகள் என்னிடம் வந்தன. சேர மன்னனின் தலையும் அதன்மேல் தமிழ் பிராமியில் 'மாக்கோதை' என்ற பெயரும் உள்ள சிறிய வெள்ளிக் காசு அது. பின்பக்கம் வெறுமையாக இருக்கும், போலி செய்பவருக்குப் பாதி வேலை மிச்சம். கொண்டுவந்த இருவரும் ஒருவரையொருவர் அறியாதவர்கள், வந்ததும் வெவ்வேறு மாதங்களில். படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது இரண்டிலும் மன்னனின் தாடைக்குக் கீழே ஒரே கீறல், ஒரே கோணத்தில். ஒரே அச்சில் அடித்த காசுகள் ஒன்றுபோல் இருக்கலாம். ஆனால் கைமாறிக் கைமாறிப் பட்ட கீறல் இரண்டு காசுகளில் ஒன்றாக இருக்க வழியில்லை. ஒரே காசிலிருந்து அச்சு எடுத்து வார்த்தவை இரண்டும். ஐயம் வந்தபின் பார்த்தால், எழுத்தின் ஓரங்கள் கரைந்த சோப்பைப்போல இருந்தன, பரப்பில் ஊசிக்குத்துப்போல் காற்றுக்குமிழித் துளைகளும் தெரிந்தன.

அனுமனும் ராமர் பட்டாபிஷேகமும் பொறித்து, 'கிழக்கிந்தியக் கம்பெனி, 1818, ஓர் அணா' என்று வரும் காசுகளுக்கு இவ்வளவு பாடு வேண்டாம். ஓர் அணா நாணயம் பொதுப் புழக்கத்துக்கு வந்ததே 1907இல், ஏழாம் எட்வர்ட் காலத்தில். காந்தம்போல அரிசியை இழுக்கும் என்று சொல்லிச் செம்புக் காசை லட்சங்களுக்கு விற்பவர்களைப் பற்றி எழுதவே சலிப்பாக இருக்கிறது. வைஷ்ணோ தேவி உருவம் பொறித்த நாணயத்துக்கு லட்சம் தருவதாகச் சொல்லி முன்பணம் கேட்பவர்கள் வேறு ரகம். தன் பெயரைச் சொல்லிப் பழைய நோட்டு, நாணய விற்பனைக்குக் கட்டணம் கேட்பவர்களை நம்ப வேண்டாம் என்று ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் அறிவித்துவிட்டது.

அமெரிக்காவில் 1973 முதல், சேகரிப்பு நாணயத்தின் நகல் என்றால் அதிலேயே 'நகல்' என்று பொறிக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. இங்கே கடைகளில் பார்க்கும் நகல்களில் அப்படி ஒரு பொறிப்பை நான் கண்டதில்லை. அதனால் என்னிடம் வருபவர்களுக்கு ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். பணம் கொடுக்கும் முன், '1939ஆம் ஆண்டு அசல் ரூபாய், போலி என்று தெரிந்தால் முழுத்தொகை திருப்பித் தரப்படும்' என்று ரசீதில் எழுதிக் கையெழுத்துக் கேளுங்கள். பலர் அந்த இடத்திலேயே காசைப் பையில் போட்டுக்கொண்டு, வேறு வேலை இருக்கிறது என்பார்கள்.

இளைஞரிடம் ரசீது இல்லை. வெள்ளி விலைக்கு நானே வாங்கிக்கொள்வதாகவும், ஆண்டின்மேல் ஆழமாக ஒரு கோடு போட்டு வைத்துவிடுவதாகவும் சொன்னேன். யோசித்துச் சொல்கிறேன் என்று எடுத்துப் போனார். விற்றவரிடம் சண்டை போட்டுப் பாதிப் பணத்தை வாங்கிவிட்டதாகவும், காசைத் திருப்பிக் கொடுத்துவிட்டதாகவும் ஒரு வாரம் கழித்துத் தொலைபேசியில் சொன்னார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை.

ஆவணியில் அதை ஓர் இணைய விற்பனைத் தளத்தில் பார்த்தேன். வடு நிழலில் மறையும்படி சாய்த்துப் படம் எடுத்திருந்தார்கள். உறை புதிது, சீட்டும் புதிது. தளத்துக்குப் படங்களோடு எழுதினேன். இரண்டு நாளில் அந்த விளம்பரத்தை நீக்கினார்கள். மறுநாள் வேறொரு பெயரில் அதே படம் வந்தது, விலை இரண்டாயிரம் கூடுதலாக.