தன்னாட்சி நரம்பு மண்டலம்: சிசுவை இழந்தபின் வரும் கர்ப்பத்தில்

இதயத்துடிப்பு, செரிமானம் போன்றவற்றை நம் விருப்பத்துக்குக் காத்திராமல் இயக்குபவை தன்னாட்சி நரம்புகள். ‘ஆட்டோனமிக்’ என்ற பெயரை 1898இல் இந்த நரம்புகளுக்கு இட்டவர் கேம்பிரிட்ஜ் உடலியங்கியல் அறிஞர் ஜான் நியூபோர்ட் லாங்லி. கிரேக்கத்தில் ‘ஆட்டோஸ்’ தான், ‘நோமோஸ்’ சட்டம். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் ‘தானியங்கு நரம்பு மண்டலம்’, இலங்கையில் ‘தன்னாட்சி நரம்புத் தொகுதி’. வேரோடு ஒட்டுவது தன்னாட்சிதான். தானியங்கு என்றால் ஆட்டோமேட்டிக் ஆகிவிடும். ஆனாலும் இப்பெயர் உள்ளதைவிடக் கூடுதலான சுதந்திரத்தைக் காட்டுகிறது என்று லாங்லியே எழுதினார். மூளையில் எழும் அச்சம் இந்த நரம்புகளை எட்டத்தான் செய்யும்.

இதன் இரு கிளைகள் பரிவு (சிம்பதெடிக்), எதிர்ப்பரிவு (பாராசிம்பதெடிக்). உறுப்புகள் ஒன்றுக்கொன்று ‘சேர்ந்து உணர்கின்றன’ என்ற பழைய மருத்துவக் கருத்திலிருந்து வந்த பெயர் இது. இரக்கத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பதறும்போது நெஞ்சைப் படபடக்க வைப்பதே பரிவு நரம்புதான்! துடிப்பைத் தணிப்பது எதிர்ப்பரிவு.

தலைப்பில் உள்ள சிசு இழப்பை மருத்துவத்தில் ‘பெரிநேட்டல்’ இழப்பு என்பார்கள். ‘பெரிநேட்டல்’ என்பது, உலக சுகாதார நிறுவனத்தின் வரையறைப்படி, கர்ப்பத்தின் 22 வாரம் நிறைந்ததிலிருந்து பிறந்து 7 நாள் வரை. ‘பேறுகால இழப்பு’ என்றால் கர்ப்பம் முழுவதையும் குறிக்கக்கூடும். ‘பிறப்பையொட்டிய இழப்பு’ தெளிவு.

எந்தக் கர்ப்பத்திலும் இரத்த அளவு 40–50 சதவீதம் கூடும், நாடி நிமிடத்துக்கு 10–20 ஏறும், எதிர்ப்பரிவின் பிடி தளரும். இழப்புக்குப் பின் கருவுற்றவர்களிடம் பதற்றம் கூடுதலாக இருப்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் கண்டிருக்கின்றன. முந்தைய குழந்தை போன அதே வாரம், ஸ்கேன் அறை போன்றவை அதைத் தூண்டும். அப்போது ஏற்கெனவே ஏறிய நாடி இன்னும் ஏறும்.

இதை அளக்கும் வழி இதயத்துடிப்பு மாறுபாடு. நாடி 75 என்றால் துடிப்பிடைவெளி 800 மில்லிநொடி என்பது கணக்கு. ஆனால் இசிஜியில் (இதய மின்பதிவில்) அது 780, 830, 795 என்று அலையும். அலைச்சல் குறைந்தால் எதிர்ப்பரிவு தளர்ந்திருக்கலாம். அளக்கும் முறை: சிறுநீர் கழித்து, 10 நிமிடம் ஓய்வெடுத்த பின், இடப்பக்கம் சாய்ந்து 5 நிமிடப் பதிவு. மல்லாந்து படுக்கக் கூடாது: 20 வாரத்துக்குப் பின் கருப்பை பெருஞ்சிரையை அழுத்தி இரத்த அழுத்தம் சரியக்கூடும், பதிவும் கெடும். பேசினாலும் கெடும். 12ஆம் வாரப் பதிவை 32ஆம் வாரத்தோடு ஒப்பிட்டு ‘மோசமாகிவிட்டது’ என்பது வழக்கமான பிழை. வாரம் ஏற ஏற இந்த மாறுபாடு குறைவது இயல்பு. ஒரே எண்ணை வைத்து நோய் என்றும் சொல்ல முடியாது.

படபடப்பு வந்ததும் ‘பழைய பயம்தான்’ என்று தள்ளிவிடுவது ஆபத்து. ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 11 கிராமுக்குக் குறைவா, தைராய்டு எப்படி என்று முதலில் பாருங்கள். மயக்கம், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், குழந்தை அசைவு குறைவு இருந்தால் அன்றே மருத்துவமனை. எல்லாம் சரியாக இருந்தால் 4 நொடி இழுத்து 6 நொடி விடும் மூச்சு, நாளுக்கு 5 நிமிடம். மூச்சை விடும்போதுதான் எதிர்ப்பரிவு கை ஓங்கும்.