ஊசி முதலில் யாருக்கு?

காரைக்குடியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் அப்பத்தாவைச் சேர்த்திருந்தபோது, பொழுது போகாமல் கட்டிலோரம் உட்கார்ந்து எண்ணினேன். காலை எட்டு மணியிலிருந்து பன்னிரண்டுக்குள் பெரிய டாக்டர் வந்தது ஒரே தடவை. நர்ஸ் ஆறு தடவை. ஒவ்வொரு தடவையும் அப்பத்தாவின் கையைப் பிடித்து டிரிப்ஸைச் சரிபார்த்துவிட்டு, நேரே அடுத்த கட்டிலுக்குப் போனார்.

ஆஸ்பத்திரிக்குள் கொரோனா வகை வைரஸ்கள் பரவுவதைக் கணினியில் ஆராய்கிறவர்களும் இப்படித்தான் தொடங்குகிறார்கள். ஆட்கள் புள்ளிகள், நெருங்கிப் பழகுவது கோடு. ஒரு புள்ளிக்குத் தொற்றைக் கொடுத்துவிட்டு, ஒவ்வொரு கோட்டுக்கும் தாயக்கட்டையை உருட்டுவார்கள். தாயம் விழுந்தால் தொற்று தாண்டும். ஒரே ஆட்டத்தை நம்ப முடியாது என்பதால் ஆயிரக்கணக்கான முறை ஓட்டுவார்கள். அப்புறம் சில புள்ளிகளுக்குத் தடுப்பூசி போட்டு மறுபடி ஓட்டுவார்கள்.

கையில் ஊசி கொஞ்சம்தான் என்றால், கண்ணை மூடிக்கொண்டு போடுவதைவிட, கோடுகள் அதிகம் உள்ளவருக்குப் போட்டால் பலன் கூடுதல். எங்கள் ஊர்க் கல்யாணத்தில் மாப்பிள்ளை மணையில் இருப்பார். எல்லா இலைக்கும் போய் வருகிறவர் பரிமாறுகிறவர்தானே.

நோயாளிக்கே போட்டால் என்ன? போடலாம். ஆனால் ஊசி வேலை செய்ய இரண்டு வாரம்போல ஆகும். அதற்குள் பலர் வீடு திரும்பியிருப்பார்கள். வயதானவர்கள், சிறுநீரக நோயாளிகள் உடம்பில் எதிர்ப்பு சக்தியும் மந்தமாகவே எழும். ஊழியர்களோ அங்கேயே இருப்பவர்கள். தொற்று வருவதற்கு முன்பே அவர்களுக்குப் போட்டு வைத்தால், படுத்திருப்பவருக்கும் அதுவே காவல்.

2015இல் தென்கொரியாவில் மெர்ஸ் என்ற கொரோனா வகை வைரஸ் நோய் பரவியபோது மொத்தம் 186 பேருக்குத் தொற்று. அதில் 80 பேருக்கும் மேல், ஒரே பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் கிடந்த ஒரே நோயாளியிடமிருந்து வாங்கியவர்கள். அங்கேயும் நம்மைப் போலத்தான்: படுக்கையருகே சொந்தக்காரர்கள், ஓரிடத்தில் குணமாகாவிட்டால் அடுத்த ஆஸ்பத்திரி. இங்கே காரைக்குடியிலிருந்து மதுரைக்கு வண்டி எடுப்பதில்லையா? கணினியில் போடும் புள்ளி-கோடு படத்தில் இந்தக் கோடுகளை விட்டுவிட்டால் கணக்கு பொய்த்துவிடும்.

எல்லாக் கோடுகளையும் வரைய நேரமில்லை என்றால் ஒரு குறுக்குவழி உண்டு. கண்ணில் படுகிற யாரையாவது கேளுங்கள்: “உங்களுக்குப் பழக்கமானவர் ஒருவரைச் சொல்லுங்கள்.” சொல்லப்பட்டவருக்கு ஊசி. நிறையப் பேரிடம் பழகுகிறவர் பெயர்தான் அடிக்கடி வாயில் வரும் என்பதால் இது பலிக்கிறது. அப்பத்தாவைக் கேட்டிருந்தால் டாக்டரைச் சொல்லியிருக்க மாட்டார். “இந்தா வருதே, இந்தப் பிள்ளைதான்” என்று நர்ஸைக் காட்டியிருப்பார்.