கரிவளியேற்றம்

வீட்டில் பீர் காய்ச்சுவோர் ‘கார்பனேஷன்’ என்று சொல்வது, பீரில் கரியமில வாயுவைக் கரைத்து நுரையையும் நாவில் சுரீரென்ற உணர்வையும் உண்டாக்கும் செயலை. நொதித்து முடிந்த பீரில் இவ்வாயு ஓரளவே எஞ்சியிருக்கும் என்பதால், பீரைக் கலனில் அடைத்துக் குளிர வைத்து, உருளையிலிருந்து அழுத்தத்துடன் வாயுவைச் செலுத்துகிறார்கள். அமெரிக்காவில் இதற்குப் பெரிதும் பயன்படுவது, குளிர்பானப் பாகை நிரப்புவதற்கென முன்பு செய்யப்பட்ட, ஏறத்தாழ 19 லிட்டர் கொள்ளும் எஃகுக் கலன்.

கரியைக் குறிக்கும் ‘கார்போ’ என்னும் இலத்தீன் சொல்லே ‘கார்பனேஷன்’ என்பதன் வேர். அதிலிருந்து, 1787இல் பிரெஞ்சு வேதியியலார் வெளியிட்ட பெயரிடு முறையில் ‘கார்போன்’ என்ற தனிமப் பெயர் இடம்பெற்றது. வாயுவோ அதற்கு முன்பே அறியப்பட்டிருந்தது. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் ஒரு பீர் ஆலையின் அருகே வாழ்ந்த வேதியியலார் ஜோசப் பிரீஸ்ட்லி, நொதிக்கும் பீர்த் தொட்டியின் மேல் தேங்கி நின்ற வாயுவை நீரில் கரைத்துப் பார்த்து, 1772இல் அதைப் பற்றி ஒரு சிறுநூல் எழுதினார். சோடாவின் பிறப்பிடமே பீர்த் தொட்டிதான் என்பது இன்றும் வியப்பளிக்கிறது.

தமிழில் ‘கார்பனேற்றம்’ என்னும் சொல் வழங்குகிறது. ஆனால் அது பொருளைப் பிறழச் செய்கிறது. பீரில் ஏற்றப்படுவது கார்பன் அன்று, கார்பன் டை ஆக்சைடு. கார்பனையே ஏற்றுவது எஃகின் மேற்பரப்பைக் கடினமாக்கும் வேறொரு தொழில்நுட்பம். கரைந்த வாயுவிலும் மிகச் சிறு பகுதியே நீருடன் வினைபுரிந்து கார்பானிக் அமிலமாகிறது. ஆகவே ‘கரிவளியேற்றம்’ என்பதே பொருந்தும். ‘கரியமில வாயு’ என்னும் பழகிய பெயரிலும் கரி இருப்பதால், இச்சொல் எவருக்கும் அந்நியமாகத் தோன்றாது.

இன்னொரு தெளிவும் வேண்டும். ஆங்கிலச் சொல் செயலையும் அளவையும் ஒருங்கே குறிக்கிறது. தமிழில் செயலைக் ‘கரிவளியேற்றம்’ என்றும், கரைந்திருக்கும் அளவைக் ‘கரிவளிச் செறிவு’ என்றும் பிரித்துச் சொல்வது நலம். செறிவைக் கன அளவால் கணக்கிடுவார்கள்: ஒரு லிட்டர் பீரில், இயல்பான வளிமண்டல அழுத்தமும் 0 பாகை செல்சியசும் உள்ள நிலையில் ஒரு லிட்டர் இடம் பிடிக்கும் வாயு கரைந்திருந்தால் அது ஒரு கன அளவு, எடையில் சற்றேறக்குறைய 2 கிராம். பல பீர் வகைகளுக்கு 2.5 கன அளவு ஏற்றது. அழுத்தம் கூடக் கூடக் கரைதலும் கூடும் என்பதை ஆங்கிலேய வேதியியலார் வில்லியம் ஹென்றி 1803இல் நிறுவினார். குளிரும் அதற்குத் துணை. எனவே ஏறத்தாழ 3 பாகை செல்சியசில் சதுர அங்குலத்துக்கு 12 பவுண்டு அழுத்தத்தை ஒன்றிரண்டு வாரம் நிலையாக வைத்திருந்தால் அந்தச் செறிவு கிட்டும்.

கலனில் சிறிது சர்க்கரை சேர்த்து, ஈஸ்ட் தானே வாயுவை உண்டாக்கும்படி விடுவதும் உண்டு. அங்கே வெளியிலிருந்து எதுவும் ஏற்றப்படுவதில்லை என்பதால், அதற்குக் ‘கரிவளி விளைத்தல்’ என்பதே சரியான பெயர்.