துவேருக்குத் தமிழ் கைம்மைப் பங்கு

இடைக்கால ஐரோப்பாவின் சொத்துரிமையைத் தமிழில் எழுதுகிறவர்கள் பிரெஞ்சின் 'துவேர்' என்ற சொல்லைக் கண்டதும் 'வரதட்சணை' என்று எழுதிவிடுகிறார்கள். பிரெஞ்சு படித்து வளர்ந்த மொரீசியஸ் தமிழர்களே இப்படி எழுதுவதைத்தான் பொறுக்க முடியவில்லை. பெண் வீட்டார் தருவது 'தொத்'. அதற்கு நம்மிடம் சீதனம் இருக்கிறது. துவேர் என்பது கணவன் சொத்திலிருந்து, அவன் இறந்தபின் மனைவியின் பிழைப்புக்கு ஒதுக்கப்படும் பங்கு. இரண்டு சொல்லுக்கும் வேர் லத்தீன் 'தோஸ்'. குழப்பம் அங்கே தொடங்குகிறது.

அந்தப் பங்கு சின்னதும் இல்லை. பாரிஸ் வழக்கச் சட்டப்படி, மணநாளில் கணவன் கையில் இருந்த நிலத்தில் பாதி. பிரெஞ்சுக்காரர் காலத்தில் நம் மொரீசியஸ் தீவில் செல்லுபடியான சட்டமும் அதுதான். நார்மண்டியில் மூன்றில் ஒன்று. இங்கிலாந்தில் மாப்பிள்ளை தேவாலய வாசலில் ஊரார் முன்னிலையில் நின்று, இன்னது உனக்கு என்று சொல்வான். கணவன் இறந்தபின் மனைவி 40 நாள் அவன் வீட்டில் இருக்கலாம், அதற்குள் அவள் பங்கைப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்றது அந்நாட்டின் 1215-ஆம் ஆண்டு உரிமைச் சாசனமான மாக்னா கார்ட்டா.

சரி, 'மணக்கொடை' என்று வைத்துக்கொண்டால் என்ன என்று கேட்கிறார்கள். யார் யாருக்குக் கொடுத்தது என்பதே அதில் தெரியவில்லை. சீதனத்துக்கும் அதைப் போடுகிறார்கள், முஸ்லிம் மாப்பிள்ளை பெண்ணுக்குத் தரும் மஹருக்கும் போடுகிறார்கள். அதைவிடப் பெரிய குறை 'கொடை'. கொடை கொடுத்தால் கொடுத்ததுதான். வாங்கியவர் விற்கலாம், பிறருக்குத் தரலாம். துவேர் நிலத்தை அவள் விற்க முடியாது. உயிரோடு இருக்கும்வரை விளைச்சலும் வாடகையும் அவளுக்கு, அப்புறம் நிலம் கணவனின் வாரிசுகளுக்கு. அம்மாவுக்கு யூசுஃப்ரூயி (அனுபவிக்கும் உரிமை மட்டும்), பிள்ளைகளுக்கு உடைமை என்று பத்திரம் எழுதும் நொத்தேரிடம் எழுதிவைக்கும் நம் குடும்பங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். கொடை என்பது கொடுப்பவர் மனசைப் பொறுத்தது. துவேரையோ, வாரிசு தர மறுத்தால் அவள் வழக்காடியே வாங்கலாம்.

என் சொல் 'கைம்மைப் பங்கு'. பங்கு என்றாலே பாகப்பிரிவினையில் கேட்டு வாங்குவது என்று யாருக்கும் விளங்கும். கைம்மை சங்கப் பாடலிலேயே இருக்கிறது. கல்யாணப் பேச்சில் கைம்மை அபசகுனம் என்று அதை ஒதுக்குகிறார்கள். கணவனின் சாவை முன்கூட்டி நினைத்து மணநாளிலேயே செய்த ஏற்பாட்டுக்கு மங்கலப் பெயர் எதற்கு? அகராதியில் முதலில் கண்ணில் பட்ட சொல்லை எடுத்து ஒட்டுகிறவர்களால் 'விதவை வரதட்சணை கேட்டு மகன்மேல் வழக்குப் போட்டாள்' என்று வகுப்புக் குறிப்பில் ஒரு வரி நிற்கிறது. பிள்ளைகளும் அதை அப்படியே மனப்பாடம் செய்கிறார்கள்.